வெள்ளைக் கிடாரிப் பாட்டு

"அக்கா, அந்தக் கடைசிச் சரணம் உனக்கு நிஜமாவே ஞாபகம் இல்லையா?" என்று நாலாவது முறையாகக் கேட்டார் மாலக்கி டப்ரிடி.

"இல்ல," என்றார் பெர்னி, உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "முந்தாநாள் கேட்டப்பவும் இல்ல, நேத்தும் இல்ல. நாளைக்கும் இருக்காதுன்னு இப்பவே சொல்லிடறேன்."

"முதல் மூணு சரணம் ஊர்ல எல்லாருக்கும் தெரியுது. நாலாவது மட்டும் எப்படி எல்லாருக்கும் ஒண்ணா மறந்து போகும்?"

"வயசாயிடுச்சு எல்லாருக்கும். கொஞ்சம் நகரு, வெளிச்சத்த மறைக்கிற."

மாலக்கி நகர்ந்தார். கொல்லைப்பக்கம் போய்க் கரிக்கட்டி அடுக்கியிருந்த கொட்டகைக்குள் பதுங்கிக்கொண்டார். அக்கா வேலை மும்முரத்தில் அந்தப் பாட்டை முணுமுணுப்பது அவருக்குத் தெரியும். முதல் சரணம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. நாலாவதற்காக அவர் கழுத்தை நீட்டிய நேரத்தில், உருளைக்கிழங்குத் தோலும் கழுநீரும் ஒரு வாளி நிறைய வந்தது.

"அடடா, நீயா? நாய்னு நெனச்சேன்," என்றார் பெர்னி. அந்த வீட்டில் நாய் செத்து ஆறு வருடமாகிறது.

மாலக்கிக்கு அறுபத்து நாலு வயது. பத்தொன்பதில் ஊரை விட்டுப் போய், நாற்பத்தைந்து வருடம் லண்டனில் இருந்துகொண்டு, சொந்தமாகப் பாட்டுக் கட்டி, சொந்தமாகப் பாடி, பதினாலு ஆல்பம் போட்டவர். நாலு வருடமாக ஒரு வரி வரவில்லை. அதை யாரிடமும் சொல்லாமல், "அடுத்த ஆல்பத்தில் என் பாட்டு ஒன்றுகூட இருக்காது. என்னைப் பாட்டுக்காரனாக்கிய என் ஊர்க்காரர்களின் பாட்டுகளைப் பாடப் போகிறேன்" என்று பெருந்தன்மையாக அறிவித்துவிட்டு, சொந்த ஊரான கில்கோரனுக்கு வந்து அக்கா வீட்டில் பெட்டியை இறக்கியிருந்தார். ஆல்பத்துக்குப் பெயரும் வைத்தாயிற்று: 'இரவல் பாட்டுகள்'.

ஆனால் அதை வெறும் சாக்கு என்று சொன்னால் பாவம். லண்டனில் தூக்கம் வராதபோது அவர் எண்ணிப் பார்த்தது ஆடுகளை அல்ல, ஊர் மதுக்கடையான சேனன் கடை நாற்காலிகளை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே அந்தக் கடையில்தான் கூடும். கணப்பில் கரிக்கட்டி புகையும். கதவோரம் தபால்காரர் மார்ட்டின், கடலோடு போன அண்ணன் தம்பி பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். ஜன்னலோரம் தையற்காரி நெல், கணவனை ஏமாற்றிய மனைவி பாட்டைத் தன் கணவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடுவாள். ஒரு நாற்காலிக்கு ஒரு பாட்டு. இப்போது நாற்காலிகள் இருக்கின்றன. உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் பின்னால் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள்.

கில்கோரனில் ஒரு வழக்கம். பாட்டு எத்தனை நூறு வருடப் பழசாக இருந்தாலும் சரி, சேனன் கடையில் அதை யார் பாடி வருகிறாரோ அது அவருடையது. அவரைக் கேட்காமல் இன்னொருவர் அதைச் சபையில் பாடக்கூடாது. கேட்காமல் மண்வெட்டியை எடுத்துப் போனால் மன்னித்துவிடுவார்கள். பாட்டை எடுத்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

அதனால் மாலக்கி வீடு வீடாகப் போய் அனுமதி கேட்டார். இருந்தவர்களிடம் நேரில் கேட்டார். போனவர்களுக்காகப் பிள்ளைகளிடம் கேட்டார். பிள்ளையில்லாத தபால்காரர் மார்ட்டினின் கல்லறையில் ஒரு வாய் விஸ்கி ஊற்றிவிட்டுக் கேட்டார். மழை உடனே நின்றது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பதினோரு பாட்டு ஒலிப்பதிவு முடிந்தது.

பன்னிரண்டாவது, ஊரில் மாடு வளர்க்கும் டிம்ப்னா லூனியின் 'வெள்ளைக் கிடாரி'.

அந்தப் பாட்டை அவர் முழுசாகக் கேட்டதே இல்லை. லண்டன் போய் நாலு வருடம் கழித்து முதல் முறை ஊர் திரும்பியபோது, சேனன் கடைக்கு வெளியே, திறந்திருந்த ஜன்னல் வழியாகத்தான் கேட்டார். டிம்ப்னா பாடிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பாட்டை அவர் அதுவரை கேட்டதில்லை.

வெள்ளைக் கிடாரிய வித்துப்புட்டேன் – அவன்
வேணுமுன்னு நெனச்சத வாங்கிவந்தேன்
சொல்லாம கொள்ளாம கொடுத்துவச்சேன் – அவன்
சூரியன் வருமுன்ன கப்பலேறினான்

ஒரு பெண், ஒரு பயல் மேல் ஆசை வைத்து, தன் ஒரே கிடாரிக் கன்றை விற்று, அவனுக்கு எதையோ வாங்கிக் கொடுக்கிறாள். அவன் அதை எடுத்துக்கொண்டு விடிவதற்குள் ஊரை விட்டுப் போய்விடுகிறான். மூன்றாவது சரணம் முடியும்போது மாலக்கி மழையில் நின்றபடி அழுதுவிட்டார். நாலாவதை நன்றாகக் கேட்கலாமென்று கதவைத் திறந்து உள்ளே போனார். டிம்ப்னா சட்டென்று நிறுத்தினாள். கடையே நிசப்தமானது. பிறகு அவள் வாத்து மேய்க்கிற பாட்டு ஒன்றைத் தொடங்கிவிட்டாள்.

அதற்கப்புறம் எத்தனை முறை ஊருக்கு வந்தாலும் அவர் காதுபட அந்தப் பாட்டை யாரும் கடைசிவரை பாடவில்லை. அவர் கிட்டாரை உறையிலிருந்து எடுத்தாலே டிம்ப்னாவுக்கு வீட்டில் பால் கறக்க வேண்டியது ஞாபகம் வந்துவிடும். மாலக்கி இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்: நான் பெரிய பாடகன், கேட்டால் திருடிவிடுவேன் என்று பயப்படுகிறார்கள். இந்த எண்ணம் அவருக்கு உள்ளூரச் சந்தோஷமாகவே இருந்தது.

அக்கா கைவிட்டதும் சேனன் கடைக்குப் போனார். சேனன் போய்ச் சேர்ந்து இருபது வருடம். கடையை மகள் ஜோசி நடத்துகிறார். உள்ளே நுழைந்ததும் மாலக்கி வழக்கம்போல் சுவரில் தொங்கிய சேனன் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். காரணம் இருக்கிறது. அவர் லண்டன் புறப்படுவதற்கு முந்தின நாள், சேனன் ஒரு கிட்டாரைக் கல்லா மேசைக்கு மேலாகத் தள்ளி, "இந்தா, உனக்குத்தான்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதே கிட்டார்தான் இன்றுவரை அவர் தோளில் தொங்குவது. எந்த ஊர் மேடையானாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் அவர் கச்சேரி தொடங்கியதில்லை.

"உங்கப்பா மாதிரி கொடுக்கிற மனசு யாருக்கும் வராது ஜோசி," என்றார்.

ஜோசி காய்ந்த கண்ணாடிக் கோப்பையை மறுபடி துடைத்தார். "என்ன குடிக்கிறீங்க?"

"வெள்ளைக் கிடாரி, கடைசிச் சரணம்."

"அது தீர்ந்து போச்சு. பீர் இருக்கு."

"நெசமாக் கேக்கறேன். என்னத்த வாங்கிக் குடுத்தா அந்தப் பொண்ணு? மோதிரமா, கடிகாரமா? கடைசிச் சரணத்துலதானே தெரியும்?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? ஃபாதரைக் கேளுங்க."

ஃபாதரைக் கேட்டார். ஃபாதர் வானத்தைப் பார்த்தார். "பாவசங்கீர்த்தனத்துல கேட்டத நான் வெளிய சொல்லக்கூடாது."

"அந்தச் சரணத்தப் பாவசங்கீர்த்தனத்துலயா கேட்டீங்க?"

"இல்ல. ஆனா கேட்ட மாதிரியே வெச்சுக்கலாம்," என்று சொல்லிவிட்டு ஃபாதர் சைக்கிளில் ஏறிவிட்டார்.

மிச்சம் இருந்தது ஜாக்கோ லினான் ஒருவர்தான். ஜாக்கோவுக்குத் தொண்ணூறு. ஒரு காலத்தில் கவுண்டி என்கிற அந்த மாவட்டம் முழுவதும் மாட்டு வியாபாரம் செய்தவர். காது கேட்பதில்லை. கணப்புக்குப் பக்கத்திலேயே கிடப்பார். தான் வாங்கி விற்ற மாடுகள் அத்தனையும் அவருக்கு நிறத்தோடு ஞாபகம், மனிதர்கள்தான் குழப்பம்.

"ஜாக்கோ! வெள்ளைக் கிடாரிப் பாட்டு! கடைசிச் சரணம் தெரியுமா?" என்று அவர் காதில் கத்தினார் மாலக்கி.

"எழுபத்து நாலுல!" என்று திருப்பிக் கத்தினார் ஜாக்கோ. "எருது! செவலை! ஒரு கொம்பு இல்ல!"

அன்று சாயங்காலம் மாலக்கி ஒரு முடிவுக்கு வந்தார். ஊர் மறந்ததை நானே எழுதுவேன். நாலு வருடமாக வராத வரி அந்தக் கோபத்தில் மளமளவென்று வந்தது. நடந்து போகிற பயலுக்கு என்ன வாங்கித் தருவாள்? பூட்ஸ்தான். சந்தேகமே இல்லை.

வாங்கித் தந்த பூட்சு கடிக்கட்டுமே – அவன்
வழியெல்லாம் நொண்டி நடக்கட்டுமே
தூங்கையிலே வந்து துரத்தட்டுமே – அந்தத்
துரோகியக் கிடாரி முட்டட்டுமே

எழுதி முடித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை காலையில் உள்ளூர் ரேடியோவில் அவரைப் பேட்டிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதுவும் இறந்தவர்கள் பட்டியல் வாசித்து முடித்த உடனே. அந்தப் பட்டியலை எந்த வீட்டிலும் தவறவிட மாட்டார்கள். யார் போனார்கள், அடக்கம் எத்தனை மணிக்கு என்று தெரிந்தால்தான் அன்றைய வேலையைத் திட்டமிட முடியும். ஆகவே கவுண்டி முழுவதும் தேநீரோடு உட்கார்ந்திருந்த நேரத்தில், மாலக்கி முதலில் சேனன் கிட்டார் கொடுத்த கதையைச் சொன்னார். பிறகு, "ஒரே ஒரு பாட்டு" என்று கேட்டதும் உற்சாகம் தலைக்கேறி 'வெள்ளைக் கிடாரி'யைப் பாடினார். பூட்ஸ் சரணத்தை இரண்டு முறை பாடினார். "இந்த மாதிரி ஆளுங்களைச் சந்தையில கட்டி வெச்சு உதைக்கணும்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது பெர்னி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை.

"நல்லா இருந்துச்சாக்கா?"

பெர்னி நிமிர்ந்தார். "ஏன்டா, டிம்ப்னாவக் கேட்டியா?"

மாலக்கி நெற்றியில் அடித்துக்கொண்டார். பதினோரு பேரிடம், அதில் ஒரு கல்லறையிடம்கூட, முறையாகக் கேட்டவர், யார் பாட்டோ அவளிடம் கேட்க மறந்து கவுண்டி முழுக்கப் பாடிவிட்டார். கடைசிச் சரணத்தைத் தேடிய தேடலில் முதல் மரியாதை கைநழுவிப் போயிருந்தது.

"ஐயோ அக்கா! நான் திருடிட்டேனே!"

"அது மட்டுமா பண்ண," என்று சொல்ல வந்த பெர்னி வாயைப் பொத்திக்கொண்டார். "அலமாரியில ஆப்பிள் பணியாரம் இருக்கு. எடுத்துக்கிட்டு ஓடு. அவ கால்ல விழு."

வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் அவருடைய பூட்ஸைப் பார்த்தார்கள். ஒருவர், "கடிக்குதா மாலக்கி?" என்று விசாரித்தார். ஏன் கேட்கிறார் என்று விளங்காமல், "இல்லீங்க, பழைய பூட்ஸ்தான்," என்று பணிவாகப் பதில் சொன்னார்.

டிம்ப்னா தொழுவத்தில் கன்றுகளுக்குப் பால் காட்டிக்கொண்டிருந்தார். அவரும் கல்யாணம் பண்ணி, மூன்று பையன்களைப் பெற்று, புருஷனை நல்லபடியாக அடக்கம் செய்து, இப்போது நாற்பது மாடுகளோடு ராஜ்யம் நடத்துகிறார். நரைத்த முடியை ஒரு கயிற்றால் கட்டியிருந்தார். மாலக்கி பணியாரத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"டிம்ப்னா, தப்புப் பண்ணிட்டேன். கேக்காம உன் பாட்ட எடுத்துட்டேன்."

"கேட்டேன், கேட்டேன். ஓ'டே வீட்டு அடக்கம் மூணு மணிக்குன்னு சொன்னாங்க. அடுத்து நீ வந்த." டிம்ப்னாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பூட்ஸா?"

"நடந்து போறவனுக்கு வேற என்ன?"

"அந்த ஆளு அவ்வளவு மோசமா மாலக்கி? சந்தையில கட்டி வெச்சு உதைக்கிற அளவுக்கு?"

"பின்ன? கட்டையில போறவன்! ஒரு பொண்ணு தன்கிட்ட இருந்த ஒரே கன்ன வித்திருக்கா. யாரு குடுத்தா, ஏன் குடுத்தான்னு அவன் ஒரு வார்த்தை கேட்டானா? எனக்கு மட்டும் ஒருத்தி அப்படிச் செஞ்சிருந்தா, நான் இந்த ஊரை விட்டே போயிருக்க மாட்டேன்."

வாளி டிம்ப்னாவின் கையிலிருந்து நழுவியது. பால் தரையில் ஓடியது. கன்றுகள் மூன்றும் முட்டி மோதிக்கொண்டு நக்கின. டிம்ப்னா வாளியை எடுக்கவில்லை.

"நெசமாவா சொல்ற?" என்றார். குரல் மாறியிருந்தது.

"சத்தியமா. உன்ன ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேனா?"

"பழக்கந்தான்." டிம்ப்னா குனிந்து வாளியை எடுத்தார். "ஞாயித்துக்கிழமை கடையில நீ பாடு. பதிவு பண்ணிக்கோ. ஆனா உன் பூட்ஸ் சரணத்தக் கிழிச்சுப் போடு. கடைசிச் சரணத்த நானே வந்து பாடறேன்."

"என் முன்னாலயா?"

"வேற யாரு முன்னால? நாப்பது வருஷமாச்சு, போதும். பணியாரத்த அந்தப் பக்கம் வை, கன்னு தின்னுடும்."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் பிரசங்கத்தைப் பாதியாக வெட்டினார். இரண்டு மணிக்கெல்லாம் சேனன் கடையில் நிற்க இடமில்லை. செத்தவர்களின் நாற்காலிகளில்கூட ஆட்கள். பக்கத்து நகரமான என்னிஸிலிருந்து வந்த ஒலிப்பதிவுக்காரர் மைக்குகளை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். ஜோசி கல்லாப்பெட்டியை மூடினார். ஜாக்கோவின் மகள்கள் அவருக்குப் புதிதாக ஒரு காதுக்கருவி மாட்டி, கணப்போரம் உட்கார வைத்திருந்தார்கள். பல வருடத்துக்குப் பிறகு மற்றவர்கள் பேசுவது காதில் விழ, அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலக்கி கிட்டாரை எடுத்து மடியில் வைத்தார். ஒருமுறை கடையைச் சுற்றிப் பார்த்தார். பத்தொன்பது வயதில் பார்த்த அதே புகை, அதே ஜன்னல், அதே மழை. மார்ட்டின் இல்லை, நெல் இல்லை.

"இந்தப் பாட்ட எனக்கு இரவல் குடுத்த டிம்ப்னாவுக்கு நன்றி. இந்தக் கிட்டார எனக்குக் குடுத்து என்னைப் பாட்டுக்காரனாக்கின சேனனுக்கு இந்த ஆல்பத்தையே சமர்ப்பிக்கிறேன்."

யாரோ இருமினார்கள். பெர்னி அக்கா கைப்பையைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

மாலக்கி பாடினார். அவருடைய பதினாலு ஆல்பத்திலும் அப்படிப் பாடியதில்லை. மூன்றாவது சரணம் முடிந்ததும் விரல்கள் தந்தியில் நிற்க, டிம்ப்னா எழுந்தார். பால் கறக்கப் போகவில்லை. நேராக மாலக்கியைப் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் பாடினார்.

கடலுக்கு அந்தாண்ட போனபின்னும் – என்
கண்ணான கிடாரி கத்துதடி
ஊரூரா அவங்கூடச் சுத்துதடி – அது
ஒருநாளும் என்பேரச் சொல்லலடி

பாட்டு முடிந்தது. ஒருத்தரும் கைதட்டவில்லை. ஊர் முழுவதும் மாலக்கியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாலக்கி புருவத்தைச் சுருக்கினார். "அழகா இருக்கு டிம்ப்னா. ஆனா ஒண்ணு புரியல. வித்த கிடாரி எப்படி அவன்கூட ஊரூராச் சுத்தும்? பூட்ஸ் கத்தாதே!"

ஃபாதர் தலையில் கை வைத்துக்கொண்டார். டிம்ப்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. யாருக்கும் சொல்ல வாய் எழவில்லை. ஒருத்தருக்கொருத்தர் எப்போதோ செய்துகொண்ட சத்தியம் அப்படி. ஆனால் காது கேட்காத கிழவனிடம் யாரும் சத்தியம் வாங்கியிருக்கவில்லை. கணப்போரத்திலிருந்து ஜாக்கோ தன் தடியால் தரையைத் தட்டினார்.

"சேனனா? அவன் ஓசியில ஒரு வாய் தண்ணி குடுத்ததில்ல! அந்த வெள்ளைக் கிடாரிய வாங்கினவன் நான், வித்த கையோட அந்தப் பொண்ண என்னிஸ் கடைக்குக் கூட்டிட்டுப் போனதும் என் லாரி – நாப்பத்தஞ்சு வருஷமா நீ மடியில வெச்சுத் தட்டிக்கிட்டு இருக்கியே, அதுதான்டா அந்தக் கிடாரி!"